உப்புக் கை

மரக்கறியோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெளியில் ஒரு கதை அடிபடுகிறது, இன்னாசித்தம்பி சேருக்குப் பச்சையாக எதைக் கண்டாலும் ஆகாது என்று. அது பொய். என் வீட்டில் பாதி நாள் மரக்கறிதான். பயிற்றங்காய்ப் பால்கறி என்றால் இன்னொரு அகப்பை சோறு கேட்டு வாங்குவேன். சந்தேகம் இருந்தால் என் மனைவியைக் கேளுங்கள்.

நீங்கள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் விசாரணைக்கென்று வந்திருக்கிறீர்கள், ஐயா. மணல் பாதை, நல்ல வெயில். அதிபர் பவுலினா உங்களுக்கு ஒரு பிளேன்டியாவது தந்தாரோ தெரியாது. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கும்படியாக இதில் வெட்கக்கேடு ஒன்றும் கிடையாது என்பது போகப்போக உங்களுக்கே விளங்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்புத் தண்ணீர், நடுவில் ஒரு துண்டு மணல், அதில் ஒரு கோயிலும் நாங்களும். பிள்ளைகளின் தகப்பன்மார் கடலுக்குப் போகிறார்கள், அல்லது வெங்காயம் நடுகிறார்கள், அல்லது உப்பளத்தில் உப்பு வாருகிறார்கள். இந்த மணலிலிருந்து ஒரு பிள்ளை மேலே ஏறிப் போவதற்கு ஒரே ஒரு ஏணிதான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. அந்த ஏணியை விழாமல் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்.

போன வருடம் என் வகுப்பில் இரண்டு பேர் சித்தியடைந்தார்கள். பெற்றோர்கள் சேர்ந்து ஒரு பெனர் அடித்துப் பள்ளிக்கூட வாசலில் கட்டினார்கள். நடுவில் என் படம் பெரிதாக, இரண்டு பக்கமும் பிள்ளைகளின் படங்கள் அளவாக. நான் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தேன். அது அச்சகத்தின் வேலை, நான் சொல்லிச் செய்ததல்ல. காலையில் முதலில் வந்து கேற்றைத் திறப்பவன் நான் என்பதால் தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. நான் நின்று பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். பூட்டுத் திறக்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

இந்த வருடம் தொடங்கும்போது மூன்றாம் வகுப்புக்குக் கஜலக்ஷ்மி டீச்சர் வந்தார். சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து புத்தளத்துக்கு வந்து நின்றுவிட்ட குடும்பம். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார். மரியாதையான பிள்ளை. சுற்றாடல் பாடத்துக்குப் பிள்ளைகளை வெளியில் கூட்டிப் போவார், அது ஒன்றுதான் குறை. சுற்றாடல் புத்தகத்தில் சுற்றாடல் இருக்கிறது. படத்தோடு இருக்கிறது.

கிணற்றடிக்குப் பின்னால் வெறும் மணலாகக் கிடந்த துண்டில் அவர் தோட்டம் போடப் போவதாகச் சொன்னபோது நான் சிரித்தேன். பிள்ளைகள் வீட்டிலிருந்து பைகளில் ஆட்டெரு கொண்டுவந்தார்கள். வகுப்பே மணத்தது. குழி வெட்டித் தேங்காய்ப் பொச்சுமட்டையைப் புதைத்து, அதற்குமேல் மண் போட்டார்கள், தண்ணீர் கீழே ஓடிப்போகாமல் நிற்குமாம். யோகட் கோப்பைகளில் நாற்று வளர்த்தார்கள். கத்தரி, தக்காளி, வெண்டி, பச்சை மிளகாய், பயிற்றை. பயிற்றைக் கொடி ஏறுவதற்குக் கரையில் கிடந்த கிழிந்த வலையை எடுத்துவந்து கம்புகளில் கட்டினார்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பிள்ளை சொந்தக்காரன். காலையில் வந்ததும் புத்தகப் பையைக் கழற்றாமலே ஓடிப்போய்த் தன் செடி எப்படி இரவைக் கழித்தது என்று பார்ப்பார்கள். தகப்பன் கடலிலிருந்து திரும்பினாரா என்று கேட்டால் தெரியாது என்பான். கத்தரியில் இரண்டு பூ விட்டிருப்பது தெரியும்.

தண்ணீர் ஊற்ற ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் பரல் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விடும்போது கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு அதை நிரப்பிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் பூவாளியில் மொண்டு ஊற்றுவார்கள். அந்தப் பரலுக்குப் பொறுப்பு ஷானிகா. உப்பளத்தில் வேலை செய்கிற டிலானின் மகள். மெலிந்த பிள்ளை, அதிகம் கதைக்காது. மற்றப் பிள்ளைகள் ஊற்றும்போது மண் அரித்துப் போகும். அவள் ஊற்றினால் மழை தூறுவதுபோல் இருக்கும். டீச்சர் இதைப் பணியாளர் அறையில் ஒரு அதிசயம்போலச் சொல்வார். தண்ணீர் ஊற்றுவதற்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி இல்லை என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

பிறகு என் வகுப்புப் பிள்ளைகளும் இடைவேளையில் அங்கே போகத் தொடங்கினார்கள். வினாத்தாளில் மண் விரல் பதிந்து வந்தது. உங்கள் வலயக் கல்விப் பணிப்பாளர் ஒருநாள் பார்வையிட வந்தார். என் பிள்ளைகளுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லப் பழக்கி, பெருக்கல் வாய்ப்பாடு முழுக்க ஒப்பிக்கத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். தோட்டத்துக்குப் போகிறவர் என் வகுப்பைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போனார். அங்கே ஒரு பயிற்றங்காயைப் பச்சையாகக் கடித்துத் தின்றார், பிள்ளைகளோடு படம் எடுத்தார், மாவட்டத்தின் சிறந்த பாடசாலைத் தோட்டப் போட்டிக்கு எங்கள் பெயரைக் கொடுக்கச் சொன்னார், போய்விட்டார். என் பிள்ளைகள் வணக்கத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம்தான் பெனரைக் கழற்றினார்கள். தக்காளி நாற்றுக்கு வெயில் கூடிவிட்டதாம், நிழல் வேண்டுமாம். அதிபர் என்னிடம் வந்து, "போன வருசத்துப் பெனர்தானே சேர், கேற்றில சும்மா காத்துக்கு அடிச்சுக்கிட்டுக் கிடக்கு," என்றார். நான் தாராளமாக எடுக்கச் சொன்னேன். நாற்றுப் பாத்திக்கு மேலே என்னை மல்லாக்கக் கட்டினார்கள். காகங்கள் வந்து உட்கார்ந்தன. காகம் உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நெற்றியில், மீசையில். கஜலக்ஷ்மி டீச்சர் மனதார, "உங்கட நிழலில நாத்து நல்லா வருது சேர்," என்றார்.

இதற்கும் உப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டால் நல்லது.

நான் செய்தது ஒரு ஆசிரியனின் முடிவு. பிள்ளைகளின் கவனம் கலைகிறது. கலைப்பது எது? தோட்டம். தோட்டத்தை மூடச் சொன்னால் கூட்டம் கூடும், பெற்றோர் வருவார்கள், வீண் மனஸ்தாபம். தோட்டம் தானாகவே முடிந்துபோனால் ஒருவருக்கும் நோகாது. எங்கள் பக்கத்தில் கட்டியுப்பு வாங்குகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேற்றைத் திறந்ததும் சில சுண்டு உப்பைப் பரலில் கொட்டி, என் வகுப்பில் கோடு கீறுகிற பெரிய அடிமட்டத்தால் கரையும்வரை கலக்குவேன். பிறகு வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் அன்றைய கணக்கை எழுதுவேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. சோற்றுக்கு உலை வைக்கிறவர்களும் தண்ணீரில் உப்புப் போடத்தான் செய்கிறார்கள்.

அந்தத் தோட்டத்தில் நான் ஒரு துளி தண்ணீர்கூட ஊற்றவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊற்றியதெல்லாம் பிள்ளைகள்.

முதலில் பயிற்றை போனது. இலை ஓரம் நெருப்பில் வாட்டியதுபோலக் கருகி உள்ளே சுருண்டது. பிறகு மிளகாய் பூவை உதிர்த்தது. பிள்ளைகள் பயந்துபோனார்கள். செடி வாடினால் பிள்ளை என்ன செய்யும்? இன்னும் தண்ணீர் ஊற்றும். இடைவேளையிலும் ஊற்றினார்கள். தங்கள் குடிதண்ணீர்ப் போத்தலைக்கூடப் பரலில் முக்கி எடுத்து ஓடினார்கள். ஷானிகா ஒரு கையால் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேரடியில் ஊற்றுவாள், நோயாளிக்குக் கஞ்சி பருக்குவதுபோல. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஊக்கத்தைப் பின்னக் கணக்கில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பார்கள்.

நிலுக்சன் என்ற பொடியன் ஒருநாள் என்னிடம் வந்து, "சேர், பரல் தண்ணி வாயில பட்டது. கரிக்குது," என்றான்.

"உங்க வேர்வையா இருக்கும் மகன். போய்ப் படிங்க," என்றேன். போய்விட்டான். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

கஜலக்ஷ்மி டீச்சர் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்தார். அவர் இலையைத் திருப்பிப் பார்த்து, உப்புத் தண்ணீரின் வேலை இது, கிணற்றுக்குள் கடல் ஏறியிருக்கலாம் என்றார். டீச்சர் கிணற்றில் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டுப் பணியாளர் அறைக்கு வந்தார். "கிணத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கு. நான் குடிச்சுப் பார்த்தனான். அப்ப உப்பு எங்கயிருந்து வருது?" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டார். பரலை அப்போது ஒருவரும் நினைக்கவில்லை. ஆனால் அவர் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் விடை என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே குழம்பிப் போகும். நான் ஒரு விடையைக் கொடுத்தேன்.

ஷானிகாவை இடைவேளை முடிந்து வரும்போது கூப்பிட்டேன். தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் ஓடித் திரிந்து வேர்த்துப்போய் இருந்தாள். கதிரையில் இருத்தினேன். அதட்டவில்லை.

"அப்பா எங்க மகள் வேலை?"

"உப்பளத்துல சேர்."

"நீங்களும் அங்க போறதா?"

"சனிக்கிழமை அம்மாவோட சாப்பாடு கொண்டு போறது."

"உப்பைத் தொடுறதா?"

"கொஞ்சம் விளையாடுறது."

"கை நல்லாக் கழுவிட்டுத்தான் செடியைத் தொட்டதா?"

யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஞாபகமில்ல சேர்."

"உள்ளங்கைய நாக்கால தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"உப்பா இருக்கு சேர்."

நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கவனியுங்கள். கண்டுபிடித்தது அவள். விடையைப் பிள்ளையின் வாயாலேயே வரவைப்பதுதான் சிறந்த கற்பித்தல் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கழுவினா போயிடுமா சேர்?" என்று கேட்டாள். சிலருக்குப் போகும், சிலருக்குத் தோலுக்குள்ளேயே ஊறியிருக்கும், அது அவர்களுடைய குற்றமில்லை, எதையும் தொடாமல் இருந்தால் போதும் என்று ஆறுதலாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், ஷானிகாவோடு யாரும் கோபிக்கக் கூடாது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொண்டேன். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, அவள் கை அப்படி என்றேன். அதுவரை கோபித்தவர்கள் ஒருவரும் இல்லை. அன்றைக்குப் பிறகுதான் அவளோடு கைகோர்த்து நடக்க ஆளில்லாமல் போனது. பிள்ளைகள் அப்படித்தான். கஜலக்ஷ்மி டீச்சர் என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை. அவர் வாய் திறப்பதற்குள் அதிபர் தேசிய கீதத்துக்குச் சைகை காட்டிவிட்டார்.

போட்டிக்குப் பார்வையிட வந்தவர்கள் காய்ந்த வலையையும் கருகிய தண்டுகளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். தோட்டம் முடிந்தது. அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். என் கணக்கில் முடிந்துதான் இருந்தது.

ஷானிகா கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நடக்கத் தொடங்கினாள். பென்சிலைச் சட்டை நுனியால் சுற்றிப் பிடித்து எழுதினாள். வீட்டில் பாணைத் துணியால் பிடித்துத் தின்கிறாளாம். கிணற்றடியில் தும்பாலும் சாம்பலாலும் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கைத் தோல் உரிந்துபோனதாம். இவையெல்லாம் அவள் தாய் அக்னஸ் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்க்கும்போது அவள் கை எப்போதும் கக்கத்தில்தான் இருந்தது.

அக்னஸுக்குச் சிலாபம் ஆஸ்பத்திரியில் ஒரு ஆண் பிள்ளை பிறந்திருந்தது. பிரளப் பழகுகிற வயது. அக்னஸ் கட்டிலில் குழந்தையைக் கிடத்தி, ஷானிகாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த வளவுக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். குழந்தை பிரண்டு ஓரத்துக்கு வந்திருக்கிறது. ஷானிகா தாயைக் கூப்பிட்டிருக்கிறாள், தாய்க்குக் கேட்கவில்லை. குழந்தை சீமெந்துத் தரையில் விழுந்தது. அக்னஸ் குடத்தோடு திரும்பி வரும்போது குழந்தை நிலத்தில் கிடந்து வீரிட்டுக் கொண்டிருக்க, இவள் பக்கத்தில் முழங்காலில் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் முகத்தை வாயால் ஊதிக் கொண்டிருந்தாளாம்.

குழந்தை பிழைத்துவிட்டது. காதடியில் தையல் போட்டார்கள், சில நாள் வைத்துப் பார்த்தார்கள். அதை நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

அன்றைக்கு என் கதிரையில் இருந்தபோது அந்தப் பிள்ளை இன்னொன்றும் கேட்டாள். சொல்ல விடுபட்டுவிட்டது, இப்போது சொல்கிறேன். கதவடிக்குப் போனவள் திரும்பி வந்து, "சேர், எங்க தம்பியத் தூக்கினா அவனும் கருகிடுவானா?" என்றாள். பாடவேளை மணி அடித்துவிட்டது. என் பிள்ளைகள் வினாத்தாளோடு காத்திருந்தார்கள். "தொடாம இருந்தா ஒண்டும் ஆகாது மகள்," என்றேன். அவள் கேட்டதற்கு அது நேரான பதில்தான்.

அக்னஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பள்ளிக்கூடம் வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. கஜலக்ஷ்மி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பிள்ளைட்ட ஆர் டீச்சர் இப்பிடிச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். டீச்சர் பரலடிக்குப் போனார். பாவிக்காமல் கிடந்த பரல் காய்ந்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டி வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு கிணற்றடியிலிருந்து நேரே என் வகுப்புக்கு வந்தார். பாடம் நடக்கிறது என்று சைகை காட்டினேன். கண்டுகொள்ளவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய அடிமட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஏன் சேர் பாதிக்குக் கீழ வெள்ளையா இருக்கு?"

"சோக்குத் தூள்," என்றேன்.

அடிமட்டத்தைக் கழற்றி, என் பிள்ளைகள் முன்னிலையில், அதன் நுனியை நாக்கால் தொட்டார். ஒரு ஆசிரியை செய்யக்கூடிய காரியமா அது? நீங்கள் விசாரிக்க வேண்டியது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

டீச்சர் அடிமட்டத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று பின்னக் கணக்கில் எல்லோருக்கும் விடை பிழைத்தது.

ஆம், பரலில் உப்பைப் போட்டவன் நான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, கடைசி இலை விழும்வரை பள்ளிக்கூடம் நடந்த ஒவ்வொரு காலையிலும் போட்டேன். பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஊற்றிக் கொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே போட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கையில் உப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சட்டம் இதற்கு என்ன பெயர் வைக்கிறதோ, கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன். அந்தப் பெனரை மட்டும் கழுவித் தந்தால் எடுத்துக்கொண்டு போவேன்.

தோட்டத்துக்கு ஒன்றும் நிரந்தரமாக ஆகிவிடவில்லை. மணல்தானே. டீச்சரும் பிள்ளைகளும் நல்ல தண்ணீராக இறைத்து இறைத்து உப்பைக் கழுவிவிட்டார்கள். புதுக் கத்தரி நட்டிருக்கிறார்கள். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள்.

ஷானிகா மட்டும் இன்னும் பாத்திக்கு வெளியே நின்று பார்க்கிறாள். அவளைத் தெளிய வைப்பதற்காக டீச்சர் நேற்று ஒரு வேலை செய்தார். எல்லாப் பிள்ளைகளையும் வெயிலில் ஓடவிட்டு, வரிசையில் நிற்க வைத்து, தங்கள் தங்கள் உள்ளங்கையை நக்கச் சொன்னார். தானும் நக்கினார். "எனக்கும் உப்பு, டீச்சர்," "எனக்கும்," "எனக்கும்" என்று பிள்ளைகள் சிரித்துக் கத்தினார்கள். அக்னஸும் வந்திருந்தாள், கைக்குழந்தையோடு. அவளும் நக்கிக் காட்டினாள். "பாத்தீங்களா மகள், எல்லாருக்கும் உப்புத்தான். சேர் சொன்னது பொய்," என்று டீச்சர் ஷானிகாவின் முன்னால் குனிந்து சொன்னார்.

ஷானிகா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கையைக் கக்கத்திலிருந்து எடுக்கவில்லை. "நீங்க என்னைச் சமாளிக்கிறதுக்காகச் சொல்றீங்க டீச்சர்," என்றாள். "சேர் பொய் சொல்ல மாட்டார்."

நான் ஜன்னலடியில் நின்று கேட்டேன். என் கண் கலங்கியதை நான் மறுக்கமாட்டேன். தாய் சொல்லி, டீச்சர் சொல்லி, ஒரு வகுப்பே கையை நக்கிக் காட்டியும், ஆசிரியர் சொன்னதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற அப்படியொரு பிள்ளை இந்தக் கரையில் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. என்னை என்ன செய்வதானாலும் செய்யுங்கள், ஐயா. ஆனால் அவள் ஐந்தாம் வகுப்புக்கு வரும்வரை என்னை இடம் மாற்றிவிடாதீர்கள். அவளை நான் சித்தியடைய வைத்துக் காட்டுகிறேன்.